இயற்கையின் வரிசை என்னும் இரவல் சரக்கு

கவிதை மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. அதனால் செயலின் வேகம் செத்துப்போகிறது. ஆங்கிலத்தில் செய்பவன், செயல், செயலுக்கு ஆளாகும் பொருள் என்று வாக்கியம் அம்பு மாதிரிப் பாய்கிறது. நவீனப் பிரக்ஞைக்கு அந்த வரிசைதான் லாயக்கு. ஆகவே நாமும் வினையை நடுவுக்கு இழுத்துவர வேண்டும். இதைச் சொல்கிறவர்களில் பலர் இது தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே நம்புகிறார்கள். கண்டுபிடிப்பல்ல, இரவல். கொடுத்தவர் பெயர் தெரியாமல் வாங்கிய இரவல் என்பதால் அவர் கையில் என்ன இருப்பு இருந்தது என்று யாரும் விசாரித்ததில்லை. விசாரித்துவிடலாம்.

கொடுத்தவர் எர்னஸ்ட் ஃபெனலோசா. 1853இல் அமெரிக்காவின் மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்ற ஊரில் பிறந்தவர். 1878இல் டோக்கியோவுக்குத் தத்துவமும் அரசியல் பொருளாதாரமும் கற்பிக்கப் போனவர், ஜப்பானியக் கலையில் மூழ்கினார். 1908இல் லண்டனில் இறந்தார். 1913இல் அவருடைய மனைவி மேரி அவருடைய குறிப்பேடுகளை எஸ்ரா பவுண்டைத் தேடிப்பிடித்து ஒப்படைத்தார். அந்தக் குறிப்பேடுகளிலிருந்துதான் 1915இல் பவுண்டின் 'கத்தே' வந்தது. 1919இல் 'லிட்டில் ரெவ்யூ' பத்திரிகையில், சீன எழுத்துருவைக் கவிதையின் ஊடகமாகப் பார்க்கும் ஃபெனலோசாவின் கட்டுரை தொடராக வந்தது. 1936இல் பவுண்ட் அதைத் தனி நூலாக்கி, கவிதையியல் என்று துணைத்தலைப்பும் சூட்டினார். ஆங்கில நவீனத்துவத்தின் வேதப்புத்தகங்களில் அது ஒன்று.

சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சித்திரம் என்ற அதன் கோட்பாட்டைச் சீனம் அறிந்தவர்கள் எப்போதோ துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். பெரும்பாலான சீன எழுத்துகளில் ஒலியைக் குறிக்கும் பகுதி ஒன்று உண்டு. அவை வெறும் படங்கள் அல்ல. ஆனால் அதே கட்டுரையில் வாக்கியத்தைப் பற்றிய பகுதி அடி வாங்காமல் தப்பித்துக்கொண்டது. அது சொல்வது இதுதான்: இயற்கையில் நடப்பதெல்லாம் சக்தியின் இடமாற்றம். ஒன்றிலிருந்து சக்தி புறப்படுகிறது, செயலாகிறது, இன்னொன்றில் போய் இறங்குகிறது. வாக்கியம் இந்த இடமாற்றத்தின் பிரதி. ஆகவே செய்பவன், செயல், பொருள் என்பது இலக்கணக்காரன் வகுத்த வரிசை அல்ல, இயற்கையே மனிதன் மேல் சுமத்திய வரிசை. சீனமும் ஆங்கிலமும் அந்த வரிசையைக் காப்பாற்றி வைத்திருப்பதால் அவை கவிதைக்கு நெருக்கமானவை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, உழவன் அரிசி குத்துவது.

அரிசி குத்துவதையே எடுத்துக்கொள்வோம். உரலும் உலக்கையும் பார்த்த எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆள் வேண்டும், உரலில் நெல் வேண்டும், அதற்குப் பிறகுதான் உலக்கை விழும். நெல் வருவதற்கு முன்னால் குத்தினால் உரல்தான் உடையும். இயற்கையின் வரிசை என்று ஒன்று இருந்தால் அது ஆள், நெல், குத்து என்று தமிழின் வரிசையாகத்தானே இருக்க வேண்டும்? நான் இந்த வாதத்தை நம்பிச் சொல்லவில்லை. ஃபெனலோசாவின் வாதம் எவ்வளவு சுலபமாகத் தலைகீழாகும் என்று காட்டவே சொல்கிறேன். எந்த மொழிக்காரனும் தன் வாக்கியத்தை இயற்கைக்கு எதிரே நிறுத்தி, இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று வியந்துகொள்ளலாம். கண்ணாடி முன் நின்று எதிரில் இருப்பவன் அழகன் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஃபெனலோசா சீனக் கவிதையைச் சீனர்களிடம் கற்கவில்லை. மோரி கைனான் என்ற ஜப்பானியப் புலவரிடம், அரிகா நாகாவோ மொழிபெயர்க்க, பாடம் கேட்டார். 'கத்தே'யில் லி பாய் என்ற கவிஞன் ஜப்பானிய உச்சரிப்பில் ரிஹாக்கு ஆகியிருப்பது அதனால்தான். ஜப்பானிய மொழி நம் மொழியைப் போல வினையைக் கடைசியில் வைப்பது. சீனச் செய்யுளை ஜப்பானியர்கள் வாசிக்கப் பல நூற்றாண்டுகளாக ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மூலத்தின் ஓரத்தில் சிறு குறிகள் இருக்கும். இந்தச் சொல்லை விட்டுவிட்டு அடுத்ததைப் படி, பிறகு திரும்பி வா என்று அவை சொல்லும். வாசிப்பவன் கண் சீன வரிசையில் ஓடும், வாய் ஜப்பானிய வரிசையில் பேசும். இப்படி வினையைக் கடைசிக்குத் தள்ளி வாசிக்கும் மரபின் புலவரிடம் உட்கார்ந்து சீனக் கவிதையின் ரசனையைப் பெற்றவர், வினை நடுவில் இருந்தால்தான் கவிதையின் சக்தி பாயும் என்று எழுதினார். தன் ஆசிரியருக்கு அந்தக் கவிதை எப்படிப் புரிந்தது என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை போலிருக்கிறது.

ஃபெனலோசாவும் இதில் முதல்வர் அல்ல. 1784இல் பெர்லின் அகாதமியின் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிவரோல் என்ற பிரெஞ்சுக்காரர், எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசைதான் எல்லா மனிதருக்கும் பொதுவான தர்க்கத்தின் வரிசை, பிரெஞ்சு ஒன்றே அதற்கு விசுவாசமாக இருக்கிறது, ஆகவே அது உலகமொழியாகத் தகுதி பெற்றது என்று நிறுவினார். அவருக்கு முன்பே அதே பிரான்ஸில் பாத்தோ என்ற பாதிரியார், லத்தீனின் வரிசைதான் இயற்கை, பிரெஞ்சுதான் புரட்டிப் போடுகிறது என்று வாதாடியிருந்தார். 1751இல் தீதரோ செவிடர் ஊமையரைப் பற்றிய தன் கடிதத்தில் இந்தச் சண்டைக்குள் புகுந்து, சைகையால் பேசுகிறவன் எந்த வரிசையில் சொல்வான் என்று கேட்டார். கெட்டிக்காரத்தனமான கேள்வி. பதில் வர இரண்டரை நூற்றாண்டு பிடித்தது.

2008இல் சூசன் கோல்டின்-மெடோவும் சகாக்களும் ஆங்கிலம், சீனம், ஸ்பானியம், துருக்கி ஆகிய நான்கு மொழிக்காரர்களிடம் சில நிகழ்ச்சிகளைக் காட்டி, வாய் திறக்காமல் கையால் மட்டும் சொல்லச் சொன்னார்கள். முதல் மூன்று மொழிக்காரரும் பேசும்போது வினையை நடுவில் வைப்பவர்கள். கையால் சொன்னபோது நான்கு தரப்பாரும் பெரும்பாலும் செய்பவன், பொருள், செயல் என்றே சொன்னார்கள். ஃபெனலோசா இயற்கையின் செல்லப்பிள்ளைகள் என்று பட்டம் கொடுத்த ஆங்கிலமும் சீனமும் பேசுகிறவர்களே, வாயை மூடியதும் வினையைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்கள். இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்தில் அல்-சையித் என்ற பெதூயின் கிராமத்தில், காது கேளாதவர்களிடையே மூன்று தலைமுறைக்குள் தானே முளைத்த சைகைமொழி ஒன்று உண்டு. சுற்றிலும் பேசப்படும் அரபியும் ஹீப்ருவும் அப்படியில்லாதபோதும் அந்த மொழி வினையைக் கடைசியில் வைக்கிறது என்று 2005இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் இன்னொரு கோஷ்டி கைதட்டத் தயாராகிவிடும் என்று எனக்குத் தெரியும். பார்த்தீர்களா, தமிழின் வரிசையே மனித மனத்தின் ஆதிவரிசை என்று மேடையில் முழங்க இதைவிட வசதியான சேதி ஏது? அவர்களும் சற்றுப் பொறுக்க வேண்டும். ஆள், பெட்டி, தள்ளு என்கிற மாதிரி நிகழ்ச்சிகளில்தான் வினை கடைசிக்குப் போகிறது. இருவரும் மனிதர்கள், யார் யாரைத் தள்ளினார் என்ற குழப்பம் வரலாம் என்ற நிலையில், ஆங்கிலம் பேசுகிறவர்கள் சைகையிலும் வினையை நடுவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். இது 2013இன் ஆய்வு. இல்லாத ஒன்றை உண்டாக்குவது, நினைப்பது போன்ற செயல்களைக் காட்டும்போதும் வினை முன்னால் நகர்ந்தது. இது 2014இன் ஆய்வு. ஏற்கெனவே இருக்கும் பெட்டியைத் தள்ளலாம்; வரைந்த பிறகுதானே படம் இருக்கும். ஆகச் சைகையில்கூட ஒரே வரிசை இல்லை. நிகழ்ச்சிக்குத் தக்கபடி வரிசை மாறுகிறது. இயற்கை எந்த மொழிக்கும் சாசனம் எழுதிக் கொடுக்கவில்லை.

மொழிகளைக் கணக்கெடுத்தவர்கள் சொல்வதையும் கேட்போம். மூன்று உறுப்புகளை ஆறு விதமாக அடுக்கலாம். மாத்யூ டிரையர் உலக மொழிகளின் அமைப்பு வரைபடத்துக்காக 1,370க்கு மேற்பட்ட மொழிகளைப் பார்த்திருக்கிறார். வினை கடைசியில் வரும் நம் வரிசையைச் சேர்ந்தவை 560க்குச் சற்று மேல். ஆங்கிலத்தின் வரிசை 490க்குச் சற்றுக் குறைவு. வெல்ஷ், ஐரிஷ் போல வினையில் தொடங்கி எழுவாய்க்குப் போகிறவை 95. மடகாஸ்கரின் மலகாசி போல வினை, பொருள், கடைசியில் செய்பவன் என்று வருபவை 25. பொருளில் தொடங்குபவை இரண்டு வகையும் சேர்த்து 15. எந்த வரிசையும் மேலோங்காதவை 190க்குக் கொஞ்சம் குறைவு. நவீனப் பிரக்ஞைக்கு ஒவ்வாத விசித்திரம் என்று நம் நண்பர்கள் நினைக்கும் வரிசை உலகத்திலேயே சர்வசாதாரணமான வரிசை. தமிழுக்கே உரிய தனிச்சிறப்பு என்று மேடைக்காரர்கள் நினைப்பதும் அதே சர்வசாதாரணத்தைத்தான். தெலுங்கும் கன்னடமும் மட்டுமல்ல, ஹிந்தி, சிங்களம், ஜப்பான், துருக்கி, பாஸ்க், கெச்சுவா எல்லாம் இந்தப் பந்தியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

'முடியாது' என்ற சொல்லை இந்தத் துறையில் ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும். 1963இல் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளை வைத்து, கன்னடம் அவற்றில் ஒன்று, 45 பொதுவிதிகளை வெளியிட்டார். நவீன வரிசையியல் ஆராய்ச்சியே அங்கிருந்துதான் தொடங்குகிறது. செயப்படுபொருளில் தொடங்கும் மொழி கிடையாது, இருந்தாலும் அபூர்வத்தில் அபூர்வம் என்று அப்போது கருதப்பட்டது. 1977இல் டெஸ்மண்ட் டர்பிஷயர் பிரேசிலின் அமேசான் காட்டுப் பகுதியில் பேசப்படும் ஹிக்ஸ்கர்யானா என்ற மொழியை முன்வைத்தார். மனிதனைப் பிடித்தது சிறுத்தை என்பதுதான் அங்கே அலங்காரமற்ற சாதாரண வாக்கியம். 1987இல் மரியான் மித்துன் இன்னும் ஒரு படி போனார். வடஅமெரிக்காவின் கயூகா போன்ற மொழிகளில் எழுவாய், பொருள் என்ற அடிப்படையில் வரிசையே கிடையாது, எது புதுச் செய்தியோ அது முன்னால் வருகிறது, அவ்வளவுதான் என்று காட்டினார். அங்கே அடிப்படை வரிசை எது என்ற கேள்வியே அர்த்தமிழக்கிறது.

இனி சிந்தனைக்கு வருவோம். வினை கடைசியில் வந்தால் சிந்தனை தயங்கும் என்கிறார்கள். ஜெர்மனில் துணைவாக்கியத்தின் வினை கடைசியில்தான் வரும். மார்க் ட்வைன் 1880இல் இதைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரையே எழுதினார். அந்த மொழியில்தான் காண்ட் யோசித்தார், ஹெகல் யோசித்தார், ரில்கே எழுதினார். பாரசீகத்தில் வினை கடைசி. ஹாஃபிஸுக்கு வேகம் குறைந்ததாக யாரும் புகார் சொன்னதில்லை. துருக்கியில் வினை கடைசி. அங்கே நூருல்லா அதாச் என்ற விமர்சகர், 1957இல் இறந்தவர், வினைக்குப் பின்னாலும் சொற்களை வைக்கும் புரட்டு வாக்கியத்துக்காக வரிந்து கட்டிக்கொண்டு எழுதினார். அவர் சொன்ன காரணத்தை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு அப்படி இருக்கிறது என்பதற்காக அல்ல, துருக்கியன் வீட்டிலும் கடையிலும் அப்படித்தான் பேசுகிறான் என்பதற்காக.

நம் வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? 'வந்துட்டான் உங்க பையன்.' 'பாத்தேன் நேத்து அவர, பஸ் ஸ்டாண்டுல.' வினைக்குப் பின்னால் இவ்வளவு இடம் திறந்து கிடக்கிறது. எழுத்திலும் 'அத்தை பூனையை விரட்டினாள்' என்பதை ஆறு விதமாகவும் சொல்லலாம். ஆறிலும் விரட்டியவள் அத்தைதான், ஓடியது பூனைதான். 'பூனையை விரட்டினாள் அத்தை' என்றால் குழந்தையை அல்ல, பூனையை என்ற பொருள் எட்டிப்பார்க்கிறது. 'விரட்டினாள் அத்தை பூனையை' என்றால் கதை சொல்கிறவனின் தொனி வந்துவிடுகிறது. ஒரு எழுத்து 'ஐ' இவ்வளவு சுதந்திரத்தைக் கொடுக்கிறது. ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்தச் சுதந்திரம் இருந்தது. வேற்றுமை உருபுகள் தேய்ந்துபோன பிறகு உருபின் வேலையை இடம் செய்ய வேண்டியதாயிற்று. சொல் இடத்தோடு கட்டப்பட்டது. நம் நண்பர்கள் அம்பின் பாய்ச்சல் என்று மெச்சுவது கயிற்றின் இழுப்பை. தமிழிலும் உருபு விழுந்தால் இதே கதைதான். 'நெல் குத்தினாள்' என்பதில் நெல்லை வினையை விட்டுத் தூரமாய் எடுத்துப்போய் வைத்துப்பாருங்கள், தடுமாறும்.

அப்படியானால் மொழிபெயர்ப்பாளனுக்குச் சிரமமே இல்லையா? உண்டு. அவர்கள் காட்டும் இடத்தில் இல்லை என்பதுதான் என் வழக்கு. தமிழில் அசையாத இடம் பெயரின் இடப்பக்கம். வாக்கியத்தின் உறுப்புகள் நகரும். பெயரெச்சம் தன் பெயருக்கு முன்னால்தான் நிற்கும், நகராது. 'நான் பார்த்தேன் ஒரு மனிதனை, யார் சுமந்துகொண்டிருந்தானோ ஒரு நாற்காலியை, ஆற்றின் குறுக்கே' என்ற ரகத்தில் வருகிற மொழிபெயர்ப்புகளைப் பாருங்கள். வினையை நடுவுக்குக் கொண்டுவந்ததல்ல இங்கே அபத்தம். 'பார்த்தேன் ஒருவனை' என்பது நல்ல தமிழ்தான். 'யார் சுமந்தானோ' என்பதுதான் பிணம். சரி, பெயரெச்சமாக்கினால்? 'ஆற்றின் குறுக்கே நாற்காலி சுமந்து வந்த ஒருவனைப் பார்த்தேன்.' வாக்கியம் பிழைத்துவிட்டது, ஆனால் வாசகன் முதலில் ஆற்றைப் பார்க்கிறான், பிறகு நாற்காலியை, பிறகு ஆளை. மூலக்கவிஞன் ஆளைக் காட்டி, நாற்காலியைக் காட்டி, காலடியில் ஆறு ஓடுவதைக் கடைசியில் காட்ட விரும்பியிருந்தால் கவிதை போய்விட்டது.

உண்மையான கேள்வி இதுதான்: எது எதற்குப் பின் வாசகனுக்குத் தெரியவர வேண்டும். இது இலக்கணத்தின் வரிசை அல்ல, வெளிப்பாட்டின் வரிசை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் நம் சிற்றிதழ் விவாதத்தின் ஆதாரப் பிழை. வெளிப்பாட்டின் வரிசையைக் காப்பாற்ற இலக்கண வரிசையைக் காப்பியடிக்கத் தேவையில்லை. 'ஒருவனைப் பார்த்தேன். தலையில் நாற்காலி. இடுப்பு வரை ஆறு.' மூன்று வாக்கியம். பின்னிரண்டில் வினையே இல்லை. ஆங்கிலத்துக்கு 'இருக்கிறது' இல்லாமல் முழு வாக்கியம் நிற்பது கஷ்டம். தமிழ் அது இல்லாமலே நிமிர்ந்து நிற்கும். ஃபெனலோசா வெறுத்ததும் அந்தச் சோனி வினையைத்தான். அவர் தேடிய சிக்கனம் அவர் ஒதுக்கிய வரிசைக்காரர்களிடமே இருந்திருக்கிறது.

இதைப் பற்றி நம் இலக்கணக்காரர்கள் யோசிக்கவில்லையா என்றால், நம்மைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என்று நான்கு சொல்கிறது. நன்னூல் பொருள்கோள் எட்டு என்று வகுக்கிறது. ஆற்றுநீர் போல நேரே ஓடுவது அவற்றில் ஒன்றே ஒன்று. மொழிமாற்றும், விற்பூட்டும், கொண்டுகூட்டும், மற்றவையும் வாசகன் சொற்களைத் தூக்கி வேறிடத்தில் வைத்துப் பொருள் கொள்ள வேண்டியவை. கவிஞன் வைத்த வரிசையும் வாசகன் பொருள்கொள்ளும் வரிசையும் வேறுவேறாக இருக்கலாம், இருந்தால் குற்றமில்லை என்ற தெளிவு அதில் இருக்கிறது. பெயரெச்சத்தின் சிக்கலையும் அவர்கள் விடவில்லை. 'புலி கொன்ற யானை' என்றால் செத்தது எது என்ற பழைய உதாரணம் அதற்காகவே வந்தது. வாக்கியத்தில் உருபு செய்யும் காவல் பெயரெச்சத்தில் இல்லை என்று கண்ட கூர்மை அது. இதையெல்லாம் பண்டிதர் சமாசாரம் என்று பரணில் போட்டுவிட்டு, ஜப்பானில் சீனம் கற்ற அமெரிக்கர் 1908க்கு முன் எழுதி வைத்ததை நவீனம் என்று கொண்டாடுகிறோம்.

கட்சிகள் இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான். ஒருவர் தமிழ் வரிசையைக் குறை என்கிறார், மற்றவர் பெருமை என்கிறார். வரிசையில் குணம் ஒட்டியிருக்கிறது என்று இருவருமே நம்புகிறார்கள். வரிசை ஒரு மொழியின் பழக்கம், அதிகமாகப் போனால் ஒரு புள்ளிவிவரம். கவிஞன் அந்தப் பழக்கத்தை எங்கே மீறினான், மீறியதால் வாசகனுக்கு எது முன்னால் தெரிந்தது, எது தாமதமாயிற்று என்பதுதான் விமர்சனத்தின் வேலை. அதற்கு வரியை எடுத்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம், வரியை வாசிப்பது கஷ்டம். மொழிபெயர்ப்பு தட்டையாக இருந்தால் உடனே வினையின் இடத்தைக் காரணம் காட்டுவது, சமையல் கெட்டதற்கு அடுப்பு எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று ஆராய்வது போல.

ஆகவே இனி இந்த வாதத்தைக் கொண்டுவருகிறவர்கள் பொதுப்படப் பேசாமல் ஒரு கவிதையை மேசைமேல் வைக்கட்டும். தமிழ் வினை கடைசியில் நின்றதால் இன்ன வரியில் இன்னது இழந்தது, தமிழில் வேறு எந்த வழியிலும் அதை மீட்க முடியாது என்று காட்டட்டும். ஒரே ஒரு வரியில் காட்டினாலும் கேட்டுக்கொள்ளத் தயார். அது வரைக்கும், செத்த மொழிபெயர்ப்புகளுக்குத் தமிழ் இலக்கணத்தின் பேரில் இறப்புச் சான்றிதழ் எழுதுவதை நிறுத்திவைக்கலாம்.